தூம்பு மூலைச் சேற்றைத் தொடாதீர்கள்

எண்பது வயதிலும் எருமைக்குட்டைக் கரையை ஒரு சுற்றுச் சுற்றி வராமல் காலைக் காபியைத் தொடாத, எங்கள் ஏரிக் காப்புக் குழுவின் தலைவர், இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அனந்தபத்மநாபன் ஐயா அவர்களே! கன்னடத்தில் அதட்டி, தமிழில் அணைத்து, இரண்டு மொழியிலும் எங்களை வேலை வாங்கும் பஞ்சாயத்து உறுப்பினர், அன்புச் சகோதரி மமதா அவர்களே! ஆனேக்கல் சந்தையை முடித்த கையோடு, பை நிறையக் காய்கறியும் மனம் நிறைய ஆர்வமுமாக முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டு, மூன்றாவது விசிலுக்குள் கூட்டம் முடிந்துவிடும் என்று நம்பி வந்திருக்கும் தாய்மார்களே! ஐந்து நாள் கண்ணாடிக் கட்டடத்துக்குள் அடைந்து கிடந்துவிட்டு, விடுமுறைக்கு ஏரிக்காற்றை நாடி வந்திருக்கும் இளைஞர்களே, இளைஞிகளே! தமிழ் புரியாவிட்டாலும் தலையாட்டித் தெம்பு தரும் கன்னடச் சொந்தங்களே, நமஸ்காரா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, நான் தமிழிலேயே பேசிவிடுகிறேன்!

இன்னும் ஒரு கூட்டத்தாரை விளிக்க வேண்டும். அவர்கள் பெயர் அழைப்பிதழில் இல்லை. அவர்களுக்கு மாலை இல்லை, சால்வை இல்லை. அமர ஒரு பிளாஸ்டிக் நாற்காலிகூட அவர்கள் கேட்டதில்லை. இந்த மேடைக்குப் பின்னே இருநூறு அடி தூரத்தில், சேற்றுக்குள் உடலைப் புதைத்துக்கொண்டு, நான் பேசும் இந்த நொடியிலும் வேலை பார்த்துக்கொண்டிருக்கும், விரல் நகம் அளவே உள்ள சிப்பிகளான என் அருமை நகமட்டிகளே! உங்களுக்கும் இந்தச் சங்கமித்ராவின் சிரம் தாழ்ந்த வணக்கம்!

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எவராவது மேடையேறி மட்டிக்கு வணக்கம் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். சிரித்துவிட்டு, அந்த மட்டியைத் துடைப்பத்தால் ஓரமாகத் தள்ளியும் இருப்பேன்.

என்ன தாயே, 'கடுகு சிறுத்தாலும்' என்று நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்களா? வேண்டாம். சின்ன உயிரைப் பற்றிப் பேச வந்தால் கடுகைத் தாளிக்காமல் யாரும் மேடை இறங்குவதில்லை. நான் இன்று தாளிக்காமலே பரிமாறுகிறேன்.

செய்தி இதுதான். நாளைக் காலை ஏழு மணிக்கு இரண்டு ஜேசிபி இயந்திரங்கள் இந்த எருமைக்குட்டைக்குள் இறங்குகின்றன. கரை முதல் கரை வரை ஒரு பிடி சேறு விடாமல் தூர்வாரப் போகிறார்கள். அதற்காக மூன்று ஆண்டுகள் மனு எழுதியது யார்? நான். அலுவலகம் அலுவலகமாக அலைந்தது யார்? நான். இன்று ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, 'மதகுத் தூம்பு மூலையில் மட்டும் நாற்பது அடி நீளத்துக்குச் சேற்றை விட்டுவிடுங்கள்' என்று கெஞ்சுவது யார்? அதுவும் நானேதான்! சற்று முன் தலைவர் ஐயா என் காதருகே குனிந்து, "ஏம்மா, வாருன்னு கேட்டதும் நீ, வாராதேன்னு சொல்றதும் நீயா? ஜனங்க என்ன நெனைப்பாங்க?" என்றார். நினைக்கட்டும் ஐயா. ஆனால் என் கதையைக் கேட்டுவிட்டு நினைக்கட்டும். கதை முடிந்ததும் கை தூக்கச் சொல்லி முடிவெடுப்பதாக நீங்கள் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

என்னை அறியாத புதியவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பிறந்தது பிரேசர் டவுனில், பேசப் பழகியது லிங்கராஜபுரத்து மேடைகளில், பிழைத்தது எலெக்ட்ரானிக் சிட்டியில். மென்பொருள் எழுதப் போகவில்லை. மென்பொருள் எழுதுகிறவர்கள் நடக்கும் தரையைத் துடைக்கப் போனேன். இருபத்தாறு ஆண்டுகள்! துடைப்பம் பிடித்து நுழைந்து, ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக வெளியே வந்தேன். என் தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அழுக்கு என்றால் எனக்கு ஆகாது. தூசி என்றால் எனக்குத் தூக்கம் வராது. என் கணவர் இப்போதும் செருப்பைக் கழற்றும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கழற்றுவார்.

அப்படிப்பட்டவளிடம் போய், ஊர்க் குளத்தைச் சுத்தம் செய்து கொடு என்றால் என்ன ஆகும்?

ஏரிக்கரைக்குக் கீழே, மாரியம்மன் கோயில் எதிரே இருக்கும் கல்யாணி உங்களுக்கெல்லாம் தெரியும். நாற்புறமும் கற்படிகள் இறங்கும் அந்தச் சின்னக் குளத்தில்தான் ஆண்டுதோறும் தெப்பம் விடுகிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தெப்பத்துக்கு முன்னால் அதைத் துப்புரவு செய்ய நம் குழு முடிவெடுத்தது. 'கோயில் உங்களுடையது, குளம் நம் எல்லோருடையது' என்று சொல்லி, புத்தரை வணங்கும் நான் முதல் ஆளாகக் கை தூக்கினேன். தலைமைப் பொறுப்பையும் தலையில் ஏற்றுக்கொண்டேன்.

மூன்று நாள் வேலை. முதல் நாள், நீரை இறைத்தோம். இரண்டாம் நாள், அடிச்சேற்றை வாரினோம். அந்தக் கறுப்புச் சேற்றில் வெள்ளையும் பழுப்புமாகச் சின்னச் சின்னச் சிப்பிகள், ஆயிரம் ஆயிரமாகக் கிடந்தன. பார்த்தேனா? பார்த்தேன். என்னவென்று கேட்டேனா? கேட்கவில்லை. நான் சொன்னது என்ன தெரியுமா? "இந்தச் சிப்பிக் குப்பையில ஒண்ணு விடக் கூடாது, எல்லாத்தையும் லாரில ஏத்துங்க!" ஏற்றினார்கள். அது எந்த மனையில் மண்ணாகக் கொட்டப்பட்டதோ, எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள், மூன்று மூட்டை பிளீச்சிங் பவுடர். கம்பித் தூரிகையால் தேய்த்த தேய்ப்பில் கற்படி கண்ணாடியானது. ஊரே வந்து பார்த்தது. எனக்குச் சால்வை போட்டார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினேன்.

அடுத்து நீர் நிரப்ப வேண்டும். வந்தார் எத்திராஜ். இதே ஊர்க்காரர், டிராக்டர் டேங்கர் ஓட்டுகிறவர். கூட்டத்தின் கடைசியில், மாமரத்தடியில் நிற்கிறாரே, அவர்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தால் மனிதர் ஓடிப் போய்விடுவார், மெதுவாகப் பாருங்கள்.

அவர் ஏரியின் தூம்பு மூலையில் குழாயை விட்டு நீர் உறிஞ்சுவார். குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கும். நீரோடு வரும் சிப்பிகள் அதில் ஒட்டிக்கொள்ளும். துவரம்பருப்பு அளவில் இருப்பதால் அவர் அதற்கு வைத்த பெயர் பேளே. நம் ஊரில் பருப்பைப் பேளே என்று சொல்லித்தானே பழக்கம்? ஒவ்வொரு நடைக்கும் சல்லடையை நீரிலேயே தட்டி, பேளேயை வந்த இடத்துக்கே அனுப்பிவிடுவார். அதற்கு அவர் ஒரு தத்துவமும் சொல்லவில்லை. "கரையில கொட்னா நாறும்க்கா" என்பார். அவ்வளவுதான்.

அன்று சல்லடையைத் தட்ட மறந்து வந்தவர், கல்யாணிப் படியில் உட்கார்ந்து, என் கண்ணாடிக் குளத்துக்குள் தட்டினார். டொக், டொக் என்று இரண்டே தட்டு. சேறும் சிப்பியுமாக விழுந்தது நீரில் மட்டுமா? என் தலையிலேயே விழுந்தது போல இருந்தது!

நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். நான் கத்தினேன். "எத்திராஜ்! கண்ணு என்ன பொடணிலயா இருக்குது? மூணு நாளா முதுகு ஒடியத் தேய்ச்ச கொளத்துல சேத்தைத் தட்றியே!" என்றேன்.

அவர் எழுந்து நின்று, உள்ளங்கையில் நாலைந்து சிப்பிகளை ஏந்திக் காட்டினார். "அக்கா, கோச்சுக்காதீங்க. இது உசுரோட இருக்குதுக்கா. சும்மா விட்டா வாயத் தொறந்து தொறந்து மூடுது, பாருங்க."

பார்த்தேனா? இந்த முறை பார்க்கக்கூட இல்லை! "உசுரு இருக்கறதையெல்லாம் உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் வளத்துக்க! இனிமே உன் காலு இந்தப் படியில படக் கூடாது!" என்றேன்.

என்னைப் பெற்றவர்களே, உடன்பிறந்தவர்களே, என் வாயிலிருந்து வந்த சொல்லைக் கேட்டீர்களா? 'படியில் கால் வைக்காதே' என்ற சொல்லைத் தலைமுறை தலைமுறையாய்க் கேட்டுக் கேட்டு, அந்தச் சொல்லே வேண்டாமென்றுதானே என் முன்னோர் புத்தரிடம் போனார்கள்? அந்தச் சொல்லை நான் எங்கே ஒளித்து வைத்திருந்தேன்? யாருக்காகச் சேர்த்து வைத்திருந்தேன்? அன்று அது எனக்கு உறைக்கவில்லை. சால்வை தோளில் இருந்தது.

எத்திராஜ் நீரில் இறங்கி, கைக்கு அகப்பட்டதையெல்லாம் ஒரு வாளியில் பொறுக்கினார். நான் சொன்னதைச் சொன்னபடியே செய்தார். வீட்டுக்கு எடுத்துப் போனார்!

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். பதினைந்து நாளில் கல்யாணி பச்சையானது. இருபதாம் நாள் நாறியது. தெப்பத்தன்று அம்மன் பச்சைக் குழம்பில் மிதந்தாள். நீங்கள் ஒரு கையால் கும்பிட்டு, மறு கையால் மூக்கைப் பிடித்தீர்கள். ஆமாம் ஆமாம், மமதாக்கா இப்போதும் மூக்கைத் தொட்டுக் காட்டுகிறார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நான் யாரைத்தான் குறை சொல்லவில்லை? பூ போட்டவர்களை, விளக்கு விட்டவர்களை, மீனுக்குப் பொரி போட்டவர்களை, கடைசியில் வெயிலைக்கூடக் குறை சொன்னேன். மறு ஆண்டும் பச்சை, இந்த ஆண்டும் பச்சை.

இங்கேதான் கிருத்திகா வருகிறாள். இதோ, மேடையோரத்தில் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண். வேலூரிலிருந்து வேலைக்கு வந்தவள். வார நாட்களில் கணினியோடு மல்லுக்கட்டுவாள். வார இறுதியில் முழங்கால் அளவு நீரில் நின்று நத்தையும் சிப்பியும் எண்ணுவாள். சென்ற மாதம் அவள் குடிவந்தது எத்திராஜ் வீட்டுக்குப் பக்கத்து வீடு. வந்த முதல் வாரமே கொல்லைப்புறத்தில் ஒரு சிமென்டுத் தொட்டியைப் பார்த்திருக்கிறாள். அடியில் ஒரு சாண் சேறு. மேலே தெளிந்த நீர். யார் வைக்கச் சொன்னது என்று கேட்டதற்கு எத்திராஜ் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு நேரே என் வாசலுக்கு ஓடி வந்தாள். "ஆன்ட்டி, உங்க லேக் குரூப் ரெஸ்க்யூ பண்ணி வெச்சிருக்கிற மட்டிங்கள நான் பாத்தேன். சூப்பர் ஆன்ட்டி!" என்றாள். நாங்கள் காப்பாற்றியதாம்! எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

எத்திராஜ் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றேன். "வாங்கக்கா" என்றார். நாற்காலி போட்டார், டீ கொடுத்தார். ஒரு சொல் குத்தலாகப் பேசவில்லை. தொட்டியைக் காட்டினார். "நீங்கதான வீட்டுக்கு எடுத்துட்டுப் போன்னு சொன்னீங்க. ஏரித் தண்ணி ஊத்தி ஊத்தி வெச்சிருக்கேன். மொதல்ல இருபது இருந்துச்சு. இப்ப எண்ண முடியல" என்றார்.

கிருத்திகா ஒரு சிப்பியைத் தட்டில் வைத்து, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தாள். அதன் ஓடு வெங்காயச் சருகு போல மெல்லியது. உள்ளே இருப்பது தெரிகிறது. உள்ளே புள்ளி புள்ளியாக ஏதோ இருந்தது. "அது என்னம்மா?" என்றேன். "குட்டிங்க ஆன்ட்டி. இது முட்டைய வெளிய விடாது. உள்ளயே வெச்சுக் காப்பாத்தி, ஓடு மொளைச்ச அப்புறம்தான் வெளிய அனுப்பும்" என்றாள்.

தாய்மார்களே! பிள்ளை சுமந்த உயிர்களையா நான் லாரியில் ஏற்றினேன்? மூன்று மூட்டைப் பொடியை யார் மேல் கொட்டினேன்? அவை கத்தத் தெரியாதவை, ஓடத் தெரியாதவை. கோடையில் குட்டை வற்றினால் சேற்றுக்குள் இறங்கி, ஓட்டை மூடிக்கொண்டு, மழை வரும்வரை பொறுத்திருக்கும். சேறுதான் அவற்றின் வீடு, சேறுதான் அவற்றின் கூரை. கூரையோடு அவற்றை வாரிக் கொட்டியவள் உங்கள் முன்னால் நிற்கிறேன். அன்று எத்திராஜ் வீட்டில் நான் அழுதேன். அழுதுவிட்டு, மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வந்த சொல் என்ன தெரியுமா? "டீ நல்லா இருந்துச்சு." அவ்வளவுதான் வந்தது! ஊரையே பேச்சால் மயக்குகிறவள் என்று என்னைச் சொல்கிறீர்கள். அன்று என் நாக்கு ஒரு நகமட்டியை விடச் சின்னதாகிப் போனது.

இந்த மட்டி என்னதான் செய்கிறது என்று கேட்கிறீர்களா? கேளுங்கள். நீரை உள்ளே இழுக்கிறது. அதில் மிதக்கும் பாசித் துகளையும் அழுக்கையும் சலித்துக்கொள்கிறது. தெளிந்ததை வெளியே விடுகிறது. பகலும் அதே வேலை, இரவும் அதே வேலை. குளம் பச்சையானதற்கு மட்டி போனது மட்டுமே காரணம் என்று கிருத்திகா சொல்லவில்லை. அவள் கணக்குப் பார்த்துப் பேசுகிற பெண். பூவும் எண்ணெயும் பொரியும் நாம் போட்டவைதானே? ஆனால் குப்பை போடுகிறவர்களையெல்லாம் வைத்துக்கொண்டு, கூட்டுகிறவரை மட்டும் வேலையை விட்டு அனுப்பினால் வீடு என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் யாரிடம் கேட்டாள் பார்த்தீர்களா? என்னிடம்!

ஐயா, இருபத்தாறு ஆண்டுகள் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் நான் நடந்தேன். ஆயிரம் பேர் என்னைக் கடந்து போனார்கள். போனிலிருந்து கண்ணை எடுத்து என் முகத்தைப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஈரத் தரையில் மஞ்சள் பலகை வைத்தால் பலகையைப் பார்ப்பார்கள், வைத்தவளைப் பார்க்க மாட்டார்கள். நாங்கள் ஒரு நாள் வராவிட்டால்தான் நாங்கள் இருந்தது தெரியும். அப்படி எவர் கண்ணிலும் படாமல் சுத்தம் செய்து வாழ்ந்தவள், அதே போல எவர் கண்ணிலும் படாமல் சுத்தம் செய்து வாழ்ந்த உயிரை, என் சக தொழிலாளியை, என் சகோதரியை, குப்பை என்று சொன்னேனே! எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? இந்த ஊரில் வேறு எவருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

வேண்டாம், கை தட்டாதீர்கள். கையை வேறொரு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

சென்ற ஞாயிறும் இன்றும் கிருத்திகாவோடு இந்த ஏரியைச் சுற்றிச் சலித்துப் பார்த்தோம். வடக்கே இல்லை. மேற்கே இல்லை. கல்யாணியில் ஒன்றுகூட இல்லை. தூம்பு மூலையில் மட்டும் இருக்கின்றன. ஏன் அங்கே மட்டும்? கோடையிலும் நீர் நிற்கும் ஆழம் அது. எத்திராஜ் ஆண்டாண்டாய்ச் சல்லடை தட்டிய இடமும் அது. நாளை அந்தச் சேறும் லாரி ஏறினால், எருமைக்குட்டையில் நகமட்டி என்று சொல்ல எதுவும் மிஞ்சாது, ஒரு கொல்லைப்புறத் தொட்டியைத் தவிர.

ஆகவே கேட்கிறேன். ஏரியைத் தூர்வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நெகிழியை எடுங்கள், புதரை எடுங்கள், மழைநீர் நிற்க ஆழம் செய்யுங்கள். தூம்பு மூலையில் நாற்பது அடியை மட்டும் விடுங்கள். 'தூம்பு அடைத்துக்கொள்ளுமே' என்று தலைவர் ஐயா கேட்டார். ஐயா, அந்தத் தூம்பைத் திறந்து எத்தனை ஆண்டாயிற்று? கீழே வயல் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. திறக்காத கதவுக்கு முன்னால் கொஞ்சம் சேறு இருந்தால் யாருக்கு நட்டம்? பார்க்க அழகாக இருக்காதே என்பீர்கள். இருக்காது. அழகு பார்த்து ஒரு குளத்தைக் கெடுத்தவள் சொல்கிறேன், அந்த மூலை அழுக்காகவே இருக்கட்டும்.

கை தூக்குவதற்கு முன் எனக்கு ஒரு கடன் இருக்கிறது. நாற்பது பேர் முன்னிலையில் சொன்ன சொல்லை நாற்பது பேர் முன்னிலையிலாவது திரும்பப் பெற வேண்டும்; இன்று நானூறு பேர் இருக்கிறீர்கள், நல்லதாயிற்று. எத்திராஜ் தம்பி! அந்தப் படியில் கால் வைக்காதே என்று சொன்னேன். அன்றிலிருந்து நீ வைக்கவில்லை. தெப்பத்துக்குக்கூடப் பிள்ளைகளோடு சாலையிலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போனாய். நான் பார்த்தேன், பார்த்தும் கூப்பிடவில்லை. என்னை மன்னித்துவிடு. நான் சொன்னது தப்பு. நீ தட்டியது சரி. உன் பேளேயும் உன் காலும் அந்தக் குளத்துக்கு வர வேண்டும்.

மேடைக்கு வா, தம்பி. என்ன? சத்தமாகச் சொல். "வேணாங்க்கா, இங்கயே நிக்கிறேன். சீக்கிரம் முடிங்க, தொட்டிக்குத் தண்ணி ஊத்தணும்" என்கிறார்! கேட்டீர்களா அவையோரே? நான் அரை மணி நேரம் அழகுத் தமிழில் பேசியதை அவர் ஒரு வாளித் தண்ணீரில் முடித்துவிட்டார்.

இப்போது சொல்லுங்கள். தூம்பு மூலையை விட்டுவிடலாம் என்பவர்கள் கை தூக்குங்கள். மமதாக்கா, இரண்டு கையும் வேண்டாம், ஒன்று போதும். மாமரத்தடியில் ஒரு கை. தாய்மார்கள் பக்கம் முழுவதும் கை. காய்கறிப் பையோடு ஒரு கை, ஐயா பையை இறக்கிவிட்டே தூக்கலாம். கன்னடச் சொந்தங்களே, தன்யவாதா! தலைவர் ஐயா... தங்கள் கை? நான் காத்திருக்கிறேன். குக்கரும் காத்திருக்கிறது. இதோ... இதோ உயர்ந்தது! ஐயா, நாளை இயந்திரம் வருவதற்கு முன் அந்த நாற்பது அடிக்குக் கயிறு கட்டத் தாங்கள்தான் முதல் முடிச்சுப் போட வேண்டும்.

பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், சோறு குழைந்தாலும் எழுந்து போகாத தாய்மாருக்கும், மைக்கை ஒரு முறைகூடக் கீச்சிட விடாத ஒலிபெருக்கிக்காரருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. நாளைக் காலை ஆறு மணிக்குத் தூம்பு மூலையில் கயிறு கட்டுகிறோம். கயிறு கட்டிய கையோடு கல்யாணிக்குப் போகிறோம். எத்திராஜ் தம்பி வாளியோடு முன்னால் படி இறங்குவார். நான் பின்னால் இறங்குவேன். துடைப்பத்தை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவேன். வணக்கம்! நமஸ்காரா!